எடுக்கவில்லை

வியாழக்கிழமை காலை ஆறேகால்,
முதுநகர் துறைமுகத்தில் அஞ்சாபுலியின் படகு.
டீசல் வாசம், இரண்டு பன், ஐந்து பாட்டில்,
கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு.
உப்பனாற்று முகத்துவாரம் தாண்டி
பத்துப் பாகத் தண்ணீரில் எஞ்சினை அணைப்பார்.

தட்டை இறக்குவேன்.
எந்த முடிச்சில் கண்ணுக்கு மறைகிறதோ
அதை எண்ணி எழுதவேண்டும்.
மறைவதை அளக்கிற வேலை என்று சொன்னால்
வீட்டில் சிரிக்கிறார்கள்.
பிறகு வெப்பம். பிறகு உப்பு.

“கடல்ல உப்பு இருக்கான்னு பாக்கவா
கவர்மெண்டு சம்பளம்?”
வாரம் தவறாமல் கேட்பார்.
வாரம் தவறாமல் வருவார்.

இருபத்தெட்டு புள்ளி நாலு.
இன்றைக்கு இது ஒன்றுமில்லை.

பதிவேட்டில் எனக்கு முன் தணிகாசலம்,
ஏழுக்கு இடுப்பில் கோடு போடுகிறவர்.
அவருக்கு முன் மேரி ரோசாலி, பச்சை மை.
ஆயிரத்து நானூறு வியாழன்.
ஒரே இடம், ஒரே கயிறு.
புரட்டினால்
பச்சை மையின் மே மாதம்
என் ஏப்ரலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.
நாள்தோறும் கரையில் நிற்கிறவர் யாருக்கும்
அது வந்த சத்தம் கேட்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு வியாழன்
பையனுக்குக் காய்ச்சல். நான் போகவில்லை.
பத்து நாள் கழித்து, மேசையில் உட்கார்ந்து,
முந்தின வாரத்துக்கும் பிந்தின வாரத்துக்கும் நடுவே
பொருத்தமாக ஒரு எண்ணை வைத்தேன்.
யாரும் கேட்கவில்லை.
வரைபடத்தில் அது அத்தனை அழகாகப் பொருந்தியது.
அந்த அழகுதான் உறுத்தியது.

இன்னும் பிறக்காத ஒருத்தி
மீன் முட்டையிடும் மாதம் எது,
வலையை எப்போது நிறுத்தச் சொல்லலாம் என்று
இந்தப் புள்ளிகளின் மேல் கோடிழுப்பாள்.
ஒரு புள்ளியில் மட்டும் கடல் இருக்காது.
என் மேசை இருக்கும்.

நேற்று அதை அடித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்:
எடுக்கவில்லை. பையனுக்குக் காய்ச்சல்.

இன்று படகில் சொன்னேன்.
அஞ்சாபுலி பன்னைப் பிய்த்தபடி,
“அன்னிக்கு நான் போனேனே.
தண்ணி வன்னியா ஓடிச்சு, ஒரே கலங்கல்.
வலை முழுக்கச் சொறி, கை ரெண்டும் எரிச்சல்.
கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

குறிப்புக் கட்டத்தில்
இருந்த சின்ன இடத்தில்
நெருக்கி நெருக்கி எழுதுகிறேன்:
வன்னி. கலங்கல். சொறி அதிகம்.
சொன்னவர் பெயர்.
கை எரிச்சலையும் சேர்த்து.