மீற்றர்ப்படி

டாஷ்போர்ட் அறைக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி.
முதல் பக்கம் நந்தகோபனின் கையெழுத்து:
22.07.2001. மீற்றர் 41,300. எலுமிச்சம்பழம் நான்கு.
சில்லுக்கடியில் நசித்த பழத்தையும்
பராமரிப்புக் கணக்கில் எழுதிவைத்த மனிதர்.
அவர் டோஹாவுக்குப் போனபிறகு
கொப்பி எனக்கு, கார் எனக்கு,
"சேர் வரலையா?" என்ற கராஜ் கேள்வியும் எனக்கு.

ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு ஒயில்.
வடித்தால் கறுப்பாக இறங்குவதில்
என்னென்ன கலந்திருக்குமென்று எனக்குத் தெரியும்.
காலி வீதியின் காலை ஏழரை.
பம்பலப்பிட்டிச் சந்தியில் அசையாத இருபது நிமிடம்.
பின் சீற்றில் பிருந்தா ஒப்பித்த பதின்மூன்றாம் வாய்பாடு,
அதில் எப்போதும் பிழைத்துப்போகும் ஏழு.
சிவப்பு விளக்கில் நிற்காமல்
களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஒரு இரவு.
கொப்பியில் அந்தத் திகதிக்கு நேரே
'பிறேக் பாட், முன் இரண்டும்' என்று மட்டும் இருக்கிறது.

பெற்றோல் வரிசை மாதங்களில்
பக்கங்கள் வெறுமை.
ஓடாமல் நின்றாலும் பற்றரி சாகும்
என்று பென்சிலால் ஒரே ஒரு வரி.

வியாழக்கிழமை தரகர் வந்தார்.
பொனற்றில் விரலால் தட்டிப் பார்த்தார்,
பலாப்பழத்தில் தட்டுவதுபோல.
"பொடி நல்லம். மீற்றர்தான் கொஞ்சம் கூட.
பன்னிரண்டாயிரம் தாங்கோ,
ஒண்டரை லட்சத்துக்கு இறக்கிவிடலாம்."
தேத்தண்ணி ஊற்றினேன்.
வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

விற்பதோ வைத்திருப்பதோ,
டைமிங் பெல்ட் அதற்காகக் காத்திராது.
பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி
"ஒறிஜினலா?" என்று மூன்று முறை கேட்டு
மூன்று விதச் சத்தியம் வாங்கிக்கொண்டு
ஒன்றுமே சொல்லாத நாலாவது கடைக்காரரிடம் வாங்கினேன்.
வாட்டர் பம்ப்பும் சேர்த்து.
பிறகு தெமட்டகொடை, றிஃப்லானின் கராஜ்.

மூடியைக் கழற்றி,
இத்தனை வருடம் யாரும் துடைக்காத பிசுக்கை
அவன் துணியால் ஒருதரம் அழுத்தித் துடைத்தான்.
அடியில் ஒரு ஸ்ரிக்கர்.
எழுத்தெல்லாம் ஜப்பான்.
இலக்கங்கள் மட்டும் எங்களோடு பேசின:
102,400.

பெல்ட் மாற்றியபோது ஓடியிருந்த தூரம்.
கப்பலில் வருவதற்கு முன்பு.
நாற்பத்தோராயிரம் என்று நம்பி
நாங்கள் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பதற்கு முன்பு.

"கப்பல்ல ஏற முந்தியே
பொய் பேசப் பழகியிருக்கு, மேடம்."
றிஃப்லான் சிரித்தான்.
எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது வேறொன்று,
கல்யாணமாகி இருபது வருடம் கழித்து
அவருக்கு இடது காது கேட்காதென்று
தற்செயலாய்த் தெரிந்த நாளில் வந்தது.

படம் எடுத்து டோஹாவுக்கு அனுப்பினேன்.
இரண்டு சரி அடையாளம் நீலமாயிற்று.
நீண்ட நேரம் கழித்துப் பதில்:
"அப்ப எலுமிச்சம்பழம் வேலை செய்திருக்கு."

யாரோ ஒருவர்,
எந்த ஊர் எண்ணெய்க் கையோ,
தான் பார்த்த இலக்கத்தை
தான் பார்த்தபடி எழுதி ஒட்டியிருக்கிறார்.
இன்னொருவர் கண்ணாடிக்குள் முள்ளைத் திருப்பியிருக்கிறார்.
முன்னவருக்கு இது தெரிய நியாயமில்லை.

பின்னேரம் வேலை முடிந்தது.
"புது ஸ்ரிக்கருக்கு எவ்வளவு எழுதட்டும்?"
பேனையை நானே வாங்கினேன்.
2,87,640.
நிறுத்திவிட்டு யோசித்தேன்.
பக்கத்தில், இடம் போதாமல், சின்ன எழுத்தில்:
மீற்றர்ப்படி.
கீழே: உண்மையில் இதைவிடக் கூட.

போனில் தரகரின் தவறிய அழைப்பு இரண்டு.
பேஸ்லைன் வீதியில் மழை பிடித்தது.
எஞ்சினில் சத்தமில்லை.
பள்ளத்தில் இறங்கும்போது மட்டும்
இடப்பக்க லோவர் ஆர்ம் புஷ் முனகுகிறது.
அது அடுத்த சம்பளத்துக்கு.