மூன்று சீட்டுகள் விரிந்த பிறகு

எல்கோவில் விடாமல் பனி.
பாஸ்க் ஓட்டலின் பின்னறையில்
ஆட்டுக்கறிக் குழம்பின் வாடை
பச்சை விரிப்பில் ஊறிக் கிடக்கிறது.
கொலீன் மூன்று சீட்டுகளை விரித்தாள்:
ஆட்டின் ராணி, ஆட்டின் ஜாக்கி, இஸ்பேடு பத்து.

என் கையில் ஆட்டின் ஏஸ்.
கூடவே கிளாவர் ராணி.

நல்ல கைதான். அதுதான் தொல்லை.
மட்டமான கையென்றால் வீசிவிட்டு
எமெட்டைப் போல பீன்ஸ் தின்னப் போயிருப்பேன்.
அசைக்க முடியாத கையென்றால்
இத்தனை நேரம் உதட்டைக் கடிக்க வேண்டியதில்லை.
இது நிலைப்படியில் நிற்கிற விருந்தாளி,
உள்ளேயும் வராது, கிளம்பவும் கிளம்பாது.

முப்பது வைத்தேன்.
விர்ஜில் அதை நூற்றுப் பத்தாக்கினான்,
காப்பியில் சர்க்கரை போடுகிற மாதிரி,
சத்தமே இல்லாமல்.

விர்ஜில் கிணறு தோண்டுகிறவன்.
முந்நூறு அடியில் ஈரமண் வந்தாலும்
நிலத்துக்காரரைத் திரும்பிப் பார்க்காமல்
அடுத்த குழாயைப் பொருத்துகிறவன்.
அந்த முகத்தில் எதைப் படிக்க?

ஆகவே கணக்கு.
இன்னும் எண்பது போட வேண்டும்.
மூன்று தடவையில் ஒரு தடவை ஜெயித்தால் நட்டமில்லை.
காகிதத்தில் சுலபம்.
எண்பது டாலர் என்பது
பனிக்கால டயர் ஒன்றில் பாதி என்பதும் கணக்குதான்.

ஒன்பதும் எட்டும் வைத்திருந்தால் அவன் வரிசை கட்டிவிட்டான்.
ராஜாவும் ஒன்பதும் என்றாலும் அதே கதி.
ராணியும் ஜாக்கியும் ஜோடி ஜோடியாக இருந்தாலும்
எனக்கு மேலேதான்.
இல்லை, வெறும் இரண்டு ஆட்டினை வைத்துக்கொண்டு
இன்னொன்று வரும்வரை மிரட்டுகிறானா?
ஆட்டினிலேயே பெரியது என்னிடம் அல்லவா இருக்கிறது!
ஏஸின் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தேன்,
ஓடிப்போகவில்லை.

நாலு ராஜாக்கள் கட்டுக்குள் எங்கோ படுத்திருக்கிறார்கள்.
எவன் எழுந்து வந்தாலும் எனக்குப் பட்டாபிஷேகம்.
ஒருவன் ஏற்கெனவே
விர்ஜிலின் கட்டைவிரலுக்கு அடியில் குறட்டை விட்டால்?

எல்லாவற்றையும் தள்ளிவிடலாம்.
முன்னால் இருநூற்றுத் தொண்ணூறு இருக்கிறது.
தள்ளினால்
என்னிடம் தோற்கிற கைகள் எல்லாம் எழுந்து ஓடும்,
என்னைத் தோற்கடிக்கிற கைகள் மட்டும்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்.
யாரை விரட்ட, யாரை அழைக்க இந்தப் பணம்?

சுரங்கத்தில் என் லாரி
காலியாகவே இருநூறு டன்.
குழிக்குள் இறங்கும்போது
உறைந்த வளைவில் பிரேக்கை அழுத்தினால் வழுக்கும்,
அழுத்தாவிட்டால் வேகம் பிடிக்கும்.
அங்கே நான் யோசிப்பதில்லை,
கால் யோசிக்கும்.
இங்கே அதே கால்
மேசைக்கடியில் வேலையில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.
அதை விர்ஜில் பார்த்திருப்பானோ?

"லொரேயா, உன் முறை" என்றாள் கொலீன்,
இரண்டாவது தடவையாக.
சமையலறையில் ஒரு தட்டு உடைந்தது.
யாரும் திரும்பவில்லை.

எண்பதைப் போட்டேன்.
தைரியம் என்று சொல்ல மாட்டேன்.
எறியவும் மனமில்லை, ஏற்றவும் துணிவில்லை,
நடுவில் மிச்சமிருந்ததைச் செய்தேன்.

கொலீன் மேல் சீட்டைக் கவிழ்த்து ஒதுக்கிவிட்டு
அடுத்ததைத் திருப்பினாள்.

டைமன் இரண்டு.

யாருக்கும் உறவில்லாத சீட்டு.
விர்ஜில் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் உறிஞ்சினான்.
அது காலியாகி வெகு நேரமாயிற்று.

"உன் முறை, லொரேயா."