கல் உருளும் சத்தம்

பார்த்தாங் ஆற்றின் விளிம்பில்
குஷ்நசர் எஞ்சினை அணைத்தான்.
மாலை நான்கு மணி.
பகலெல்லாம் உருகிய பாமிர் பனி
சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

வண்டிக்குள் ஏழு பேர், ஒரு செம்மறி.
மணப்பெண்ணின் அத்தை சவ்ரிநிசோ
"விடிந்தால் கல்யாணம்" என்றாள்,
மூன்றாவது தடவை.

பூட்ஸைக் கழற்றினான்.
ஆழம் தெரிந்துகொள்ளத்தான் காலை விட்டான்,
தொடைவரை, கம்பை ஊன்றி.
பிறகு அப்படியே நின்றான்,
யாரோ கூப்பிட்டதுபோல.

"கேளுங்கள்."
தண்ணீருக்கு அடியில்
கல்லைக் கல் இடித்துத் தள்ளும் சத்தம்:
மாடி வீட்டில் யாரோ பீரோ நகர்த்துகிறார்கள்.
"இது அடங்கட்டும்."

கோழை என்றாள்.
அவன் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினான்,
தேநீருக்கு அடுப்பு மூட்டினான்,
செம்மறிக்குப் புல் தேடிப் போனான்.

இரவெல்லாம் பீரோக்கள் நகர்ந்தன.

ஐந்து மணிக்கு ஆறு மெலிந்திருந்தது.
நேற்று நாங்கள் இறங்கியிருக்கவேண்டிய தடத்தில்
ஒரு பாறை,
செம்மறியைவிடப் பெரியது,
புதிதாய் வந்து உட்கார்ந்திருந்தது.
யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அதைச் சுற்றி, முதல் கியரில்,
கிளட்சைத் தொடாமல் போனான்.
தண்ணீர் கதவுவரை ஏறி
யோசித்துவிட்டு இறங்கியது.

அக்கரையில் சவ்ரிநிசோ
ரொட்டியைப் பிட்டாள்.
பெரிய பாதியை அவன் பக்கம் தள்ளிவிட்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள்.