பழுது இல்லை

முதல் முறை வந்தபோது எழுதினேன்:
ஓட்டிப் பார்த்தேன், பழுது இல்லை.
இரண்டாம் முறையும் அதையேதான்,
கையெழுத்தில் மட்டும் கொஞ்சம் எரிச்சல்.

சுங்கை காடுட்டில் எங்கள் பட்டறை.
முந்தின நாள் அந்தியில் லாரியிலிருந்து இறக்கிவிட்டுப் போவார்கள்.
காலை ஏழரைக்கு நான் சாவியைத் திருகுவேன்.
இரவெல்லாம் ஆறிய எண்ணெய்
கெட்டியாக, சொன்ன பேச்சைக் கேட்கும்.
இரண்டு நெம்புகோலையும் சேர்த்துத் தள்ளினால்
சிமெண்டுத் தரையில் கோடு கிழித்த மாதிரி
வாசல்வரை போய்த் திரும்பும் அந்தப் புல்வெட்டி.
பிறகென்ன.
தேநீர். ரசீது.

திருமேனி சொல்லத்தான் செய்தான்:
"பத்தரைக்கு மேல எடப்பக்கம் வராதுக்கா."
"எங்கே வராது?"
"நான் போற எடத்துக்கு."
சிரித்துவிட்டு அடுத்த வண்டியின் பெல்ட்டைக் கழற்றப் போனேன்.

மூன்றாம் முறை அவன் லாரியில் ஏற்றவில்லை.
போன் வந்தது. "நீங்க வாங்க."

செம்பவாங்கில் ஒரு வெற்றுத் திடல்,
மணி பத்து ஐம்பது.
முழங்கால் உயரப் புல்லுக்குள்
வட்டம் வட்டமாக வெட்டியிருந்தது,
ஏழோ எட்டோ, ஒன்றோடொன்று பொருந்தாமல்.
வலது சக்கரம் போகிறது,
இடது சக்கரம் யோசிக்கிறது.
நடுவில் அவன்,
இரண்டு கையாலும் ஒரே நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு.
மைனாக்களுக்கு மட்டும் புகார் எதுவும் இல்லை,
அவையும் வட்டமாகவே பூச்சி பொறுக்கின.

இறங்கி வந்து போனைக் காட்டினான்.
வட்டங்களின் படம், யாரோ மேலிருந்து எடுத்தது,
அடியில் மிஸ்டர் ஹோவின் கேள்வி: இது என்ன வேலை?
அதற்கும் அடியில்: நாற்பது வெள்ளி பிடித்தம்.

அப்போதுதான் உறைத்தது.
இயந்திரத்தில் பழுது இல்லை என்று நான் எழுதினால்
பழுது எங்கே இருக்கிறது என்று
ஹோ மீதிக் கணக்கைப் போட்டுக்கொள்கிறார்.

பம்பின் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.
தொட முடியவில்லை.
தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற சத்தம் உள்ளே.
மூடியைக் கழற்றினால் குளிர்விசிறி,
ஆறு இதழில் இரண்டுதான் மிச்சம்.
தண்டைச் சுற்றி யாரோ தூக்கிப்போட்ட நீல ராஃபியா கயிறு
உருகி இறுகிப் பல்லாகிக் கிடந்தது.
காற்றுப் படாமல் வெந்து வெந்து
எண்ணெய் தண்ணீராய் இளகியிருந்தது.
பிடிக்க வேண்டிய அழுத்தத்தைப் பிடிக்காமல்
தேய்ந்த இடுக்குகள் வழியே நழுவிக்கொண்டிருந்தது.

விசிறி பதினெட்டு வெள்ளி.
பம்ப் ஆயிரத்து நானூற்று முப்பது.
முதல் தடவையே இந்த மூடியைத் திறந்திருந்தால்
பதினெட்டோடு போயிருக்கும்.
நான்கே திருகுதான், பத்து மில்லி சாவி.

புதுப் பம்ப் மாட்டிய அன்று
பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினோம்.
அவன் நெம்புகோலை முன்னும் பின்னும் அசைக்க
நான் எண்ணெய்த் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குமிழ், குமிழ், குமிழ்.
உள்ளே மாட்டிய காற்று லேசில் வெளியேறுவதில்லை.
"இன்னும்" என்றேன்.
"இன்னும்."
அரைமணி நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பழைய ரசீதுகள் இரண்டின் நகலையும் எடுத்து
"பழுது இல்லை" என்பதை அடித்து
மேலே எழுதினேன்:
குளிர்ந்திருக்கும்போது பார்த்தேன். சூட்டில் பார்க்கவில்லை.
பேனா ஒரு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.
அப்படியே ஹோவுக்கு அனுப்பினேன்.

இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும்
உச்சி வெயிலில் நாற்பது நிமிடம் ஓடவிட்ட பிறகுதான்
ரசீதுப் புத்தகத்தைத் திறக்கிறேன்.
பெட்ரோல் வீணாகிறது என்கிறார் முதலாளி.
ஆகட்டும்.

போன வாரம் பிளேடு தீட்டக் கொண்டுவந்தான் திருமேனி.
நாற்பது வெள்ளி திரும்ப வந்ததா என்று கேட்டேன்.
பிளேடுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான்.
"அடுத்த மாசம்னாருக்கா."