ஐந்து மில்லிமீற்றர்

வாடை தொடங்கிப் பதினோராம் நாள்.
டச்சுக்குடாவில் வள்ளங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன.
மீன் சந்தையில் என் வெட்டுப்பலகை காய்ந்து
முதன்முறையாக மரத்தின் நிறத்தில் இருக்கிறது.
வெட்ட ஒன்றுமில்லாத கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மத்திய வீதி நூல்கடைக்குள் போனேன்.

ஏன் என்று கேட்டவர்களுக்கு
மூன்று காரணம் சொல்லியிருக்கிறேன்.
மூன்றும் பொய்.

கண்ணாடிப் பெட்டிக்குள் குரோசே கொக்கிகள்
றப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக.
"எத்தனையாம் நம்பர்?" என்றாள் சில்மியா.
தூண்டிலில் நம்பர் கூடக் கூடக் கொக்கி சிறுக்கும்.
அந்தக் கணக்கில், பெரிதாய் ஒன்று வேண்டி
"இரண்டு" என்றேன்.
எறும்பின் காலைக் கொளுவலாம் போல ஒன்றை
எடுத்து நீட்டினாள்.
மில்லிமீற்றரில் கணக்கு மற்றப் பக்கமாம்.

"வீட்டில அக்காவுக்கா?"
"எனக்குத்தான்."
மழை கொஞ்ச நேரம் தகரத்தில் பேசியது.
பிறகு அவளாகவே ஐந்தை எடுத்து வைத்தாள்,
அலுமினியம், நீலம், முந்நூற்றைம்பது ரூபாய்.
மூங்கிலும் இருந்தது. அதில் நூல் வழுக்காதாம்,
பழகுகிறவருக்கு நல்லதாம்,
பெட்டியில் அப்படிப் போட்டிருக்காம்.
"எனக்குப் பின்னத் தெரியாது யூஜின் அண்ணை,
விக்கத்தான் தெரியும்."
மூங்கிலைத் திருப்பி வைத்தேன்.
மரம் வாடையைக் குடிக்கும்,
பலகை வைத்திருப்பவனுக்குத் தெரியும்.

நூல் கறுப்பில் எடுத்தேன், அழுக்குத் தெரியாதென்று.
கண்ணியும் தெரியவில்லை.

தாளில் இரண்டு படம்.
ஒன்று பென்சில் பிடிப்பது போல,
மற்றது கத்தி பிடிப்பது போல.
பென்சிலை நான் கடைசியாகப் பிடித்தது
பள்ளிக்கூடம் முகாமாக மாறிய வருஷம்.
ஆனாலும் அதைத்தான் முதலில் முயன்றேன்,
படத்தில் அந்தக் கை அழகாயிருந்தது.
கொக்கி விரலிடையில் நெத்தலிபோல் துள்ளி
மூன்று தரம் நிலத்தில் விழுந்தது.

கத்தியென்றால் கைக்குத் தெரியும்.
அறக்குளாவின் செவுளுக்குப் பின்னால்
இறங்குகிற அதே பிடி,
மேலே ஆட்காட்டி விரல்.
விழவில்லை. ஆனால் என் சங்கிலி
கம்பிபோல முறுகி நின்றது.
அடுத்த வரிக்குக் கொக்கி நுழைய
ஒரு கண்ணியும் வாய் திறக்கவில்லை.

நுனியைத் தடவித் தடவி முள்ளைத் தேடினேன்.
முப்பது வருஷம் மீன் வாய்களிலிருந்து
நான் பிடுங்கியெடுத்த கொக்கிகளில்
தானாக விட்டது ஒன்றும் இல்லை.
இது நூலைப் பிடிக்கிறது,
வளையத்துக்குள்ளால் இழுக்கிறது,
விட்டுவிடுகிறது.
விட்டால்தான் அடுத்தது என்பது
எனக்கு விளங்க இரண்டு நாள் போனது.
கைக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்று பஸ் ஸ்ராண்டில்,
மழைக்கு ஒதுங்கிய வாங்கில் இருந்து
முப்பத்தொரு கண்ணி போட்டேன். தளர்வாக.
எண்ணிப் பார்க்கக் கொக்கியை உருவிக்
காதில் செருகிய நேரம்
நூலுருண்டை உருண்டு போக,
நனைந்த மான் ஒன்று அதை வாழைத்தோல் என்று நினைத்து
வாயில் கவ்விக்கொண்டு நடந்தது.
முப்பத்தொன்றும் ஒன்றன்பின் ஒன்றாய்
ஒரு சத்தமும் இல்லாமல் கழன்றன.
நிலாவெளி பஸ்ஸில் ஏறப்போன பெட்டைகள் சிரித்தார்கள்.
நானும்.

ஈர நூலை மானிடமிருந்து வாங்கி
மறுபடி சுருக்குப் போடுகிறேன்.
கத்திப் பிடி, ஆனால் வெட்டாத கத்தி.
பெருவிரல் தட்டையான இடத்தில்,
நடுவிரல் அடியில்.
சின்னவிரல் மட்டும் வெளியே நிற்கிறது.
அதை எங்கே வைப்பதென்று
இரண்டு படத்திலும் இல்லை.