தொண்ணூற்றெட்டு

என் பாலியோவுக்கு இருபத்திரண்டு வயது.
ஒன்று புள்ளி ஆறு எஞ்சின், மஞ்சள் உடம்பு,
மழை வந்தால் டிக்கிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர்.
மிதித்தால் இன்றைக்கும் பிடரியைப் பிடித்து இழுக்கும்.
நில் என்றால் மட்டும்
அவிநாசி ரோட்டு சிக்னலில் ஒருமுறை
யோசித்துவிட்டு நின்றது,
பால் வண்டிக்கும் எனக்கும் நடுவில்
ஒரு தீப்பெட்டி வைக்க இடம் விட்டு.

மறுநாளே பெரிய டிஸ்க்.
இருநூற்று எண்பத்து நான்கு மில்லிமீட்டர், புதுசு.
காலிப்பர் மட்டும் உக்கடத்தில்,
யாரோ பிரித்துப் போட்ட லீனியாவினுடையது,
கோணிச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள்.
பழைய பதினாலு இஞ்ச் சக்கரம் அதன்மேல் உட்காரவில்லை.
"காலு பெருத்துப் போச்சுன்னு
செருப்பு வாங்கறீங்களாக்கு?" என்றாள் கோமளம்.
ஆமாம், அதேதான்.

பதினைந்து இஞ்ச், துப்பாக்கி நிறம், ஏழு ஆரம்.
அட்டைப்பெட்டியைக் கிழித்து ஹப்பில் தூக்கி வைத்தேன்.
முதல் போல்ட் ஏறியது.
எதிர்ப் போல்ட் துளையின் ஓரத்தில் முட்டி நின்றது.
போல்ட் வட்டம் சக்கரத்தில் நூறு.
என் காரில் தொண்ணூற்றெட்டு.

நாமக்கல் விடுதி வாசலில்
விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு
"மீதி ரெண்டு எங்கடா?" என்றார் அப்பா.
பதில் தெரியாமல் நின்றேன்.
இதோ இருக்கிறது அந்த இரண்டு,
இருபத்தாறு வருடம் கழித்து,
அலுமினியத்தில்.

கணபதியில் தெய்வானையின் லேத் பட்டறை.
பகலெல்லாம் பம்ப் ஷாஃப்டும் கிரைண்டர் புஷ்ஷும்.
என் வேலைக்கு ஆறு மணிக்கு மேல்தான்.
தலை அசைகிற போல்ட் கிடைக்கிறதே,
எல்லோரும் அதைத்தானே போடுகிறார்கள் என்றேன்.
"ரெண்டு மில்லிய நீங்க ஏமாத்தலாமுங்க.
நூத்தியிருவதுல அது உங்கள ஏமாத்திப்போடும்."
சொல்லிவிட்டு வெர்னியரைத் துடைத்தாள்.

நூறு வந்த வழியே திரும்பிப் போனது.
அரசூர் ஃபவுண்டரியில் ஏற்றுமதி ரத்தாகி
மூலையில் தூசி குடித்துக் கிடந்தன நான்கு,
துளையே போடாதவை.
தொண்ணூற்றெட்டு அவள் போட்டது.
நடுத்துளை ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்று.
ஹப்பில் தள்ளினேன். சத்தமே இல்லை.
கையை எடுத்தேன், சக்கரம் நின்றது,
போல்ட் ஒன்றுகூட இல்லாமல்.

பக்கத்துத் தறிப்பட்டறைக் கணக்கர் முத்துரத்தினம்
டீ குடிக்க வந்தவர்.
பிடித்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம்.
மிதிங்க. பிடிங்க.
பின் இடது சக்கரத்தடியில் மல்லாந்தபடி
நிப்பிளைத் திறக்கிறேன்.
டியூபில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் பழைய ஆயில்,
அதற்குள் முத்து முத்தாய்க் காற்று.
விடாதீங்க, விடாதீங்க,
இப்ப விடுங்க.
"கடன்காரங்கிட்டக்கூட நான்
இத்தன பணிவா இருந்ததில்லீங்க" என்றார் மேலிருந்து.
நாலாவது சக்கரம் முடிந்தபோது
மிதி கல்லானது.

விடியுமுன் அன்னூர் ரோடு.
புது பேடைப் பழக்க வேண்டும்:
எண்பதிலிருந்து இருபது, மறுபடி எண்பது, மறுபடி இருபது.
எட்டாவது முறை கருகல் வாசம் உள்ளே வந்தது.
ஜன்னலை இறக்கினேன்.
சோளக்காட்டிலிருந்து மயில் ஒன்று
ரோட்டின் நடுவுக்கு நடந்து வந்து
அங்கேயே என்னவோ கொத்த ஆரம்பித்தது.

மிதித்தேன்.
மூக்கு தாழ்ந்தது, பெல்ட் நெஞ்சைப் பிடித்தது,
பின்சீட்டில் தெய்வானை மறந்துபோன வெர்னியர் பெட்டி
பறந்து வந்து என் முதுகுச் சாய்மானத்தில் மோதியது.
மயில் தலையைத் தூக்கவில்லை.

போன் போட்டேன். நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்றேன்.
"எத்தன மீட்டருங்க?"
தெரியலீங்க.
"அளக்காம எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

இறங்கினேன்.
தாரில் இரண்டு கறுப்புக் கோடுகள், இன்னும் சூடாக.
காலடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தேன்.
இடப்பக்கக் கோடு
ஒரு சாண் அதிகம்.
அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.