சாரம் துவைக்காத ஆறு வாரம்

ஆறு ஆட்டம். ஆறும் ஜெயம்.
இனயத்தில் யாரும் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை,
கண்ணு பட்டுவிடுமாம்.
போன வருஷம் இதே பயல்கள்
ஒன்பது கோல் வாங்கிய அன்று
வலைக்குப் பின்னால் பந்து பொறுக்கியே
எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இப்போது என்னவோ ஆகிவிட்டது.
ராத்திரி வள்ளத்தில் போய் விடிய வந்து
கோல் கம்பத்தில் சாய்ந்து தூங்கும் கிளீட்டஸின்
முழங்காலில் பட்டுப் பந்து திரும்பிப் போகிறது.
ஷிபின் பாஸ் என்று நினைத்து உதைத்தது
காற்றில் வளைந்து வலைக்குள் விழுகிறது.
"எல்லாம் திட்டம்" என்கிறார் கோச் பெர்க்மான்ஸ்.

திட்டமாவது, மண்ணாவது!
எல்லாம் என் நீலக்கட்டம் போட்ட சாரம்.
முதல் ஜெயத்தன்று உடுத்தியது,
இன்னும் தண்ணீர் காட்டவில்லை.
செலின் என் பாயைத் தூக்கி வெளியே போட்டாள்.
ஜெயிக்கிற அணி என்றால்
சில இழப்புகள் இருக்கத்தான் செய்யும்.

ஏழாவது ஆட்டத்தன்று
நான் குளிக்கப் போன நேரம் பார்த்து
சாரத்தைச் சோப்புப்பொடியில் முக்கிவிட்டாள்.
முடிந்தது கதை.
கதவைச் சாத்தி
தலையணைக்குள் முகம் புதைத்துக் கிடந்தேன்.

நாலு கோல். ஜெயம்.

விடிய விடிய யோசித்ததில் விளங்கியது:
நான் பார்க்காததுதான் காரணம்.

இன்று எட்டாவது ஆட்டம்.
மைதானத்துக்கு முதுகைக் காட்டி
தூண்டில் வளைவுக் கல்லில் உட்கார்ந்திருக்கிறேன்,
துவைத்த சாரத்தோடு,
கடலைப் பார்த்தபடி.

பின்னால் ஒரு பெருங்கூச்சல்.
நமக்கா? அவர்களுக்கா?

கழுத்து தானாகத் திரும்புகிறது.
பிடித்து வைத்திருக்கிறேன்
இரண்டு கையாலும்.